வேதாளமும் வேதாளரும் : தொடக்ககாலச் சித்திரக்கதைகளில் பேய்ப் பாத்திரங்கள்

பேய், பூதம், அணங்கு, சூர், அவுணர், அரக்கர், வேதாளம் என்னும் சொற்களை இன்று பெரும்பாலும் ஒருபொருட் கிளவிகளாகவே வழங்கி வருகின்றோம். அகராதிகள் பலவும் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்து அமைகின்றன. பழந்தமிழ் நூல்களில் இவை அவ்வாறு வழங்கவில்லை. பேய் என்பது போர்க்களத்தும் சுடுகாட்டும் பசித்துத் திரிவது. பூதம் பெரும்பாலும் காவல் பூண்டு நிற்பது. சூர் மலையிடத்து உறைவது. அவுணரும் அரக்கரும் குலமும் நகரும் அரசும் உடையோர். இவ்வேறுபாடுகள் எக்காலத்து மங்கின, எவ்வகையால் மங்கின என்பது தனியே ஆராய்தற்குரியது. அம்மங்கலில் அண்மைக்காலத்துச் சித்திரக்கதைகளுக்கு ஒரு பங்கு உண்டு என்பதும், அப்பங்கு நாம் எண்ணுமளவு எளிதன்று என்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

சித்திரக்கதைகளை ஆராய்ச்சி இதழொன்றில் எடுத்துப் பேசுதல் தகுமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். பெரிய எழுத்துக் கதை நூல்களையும் அம்மானைகளையும் கூத்துநூல்களையும் பற்றி இவ்வையம் ஒருகாலத்தில் நம் துறைகளில் எழுந்ததே. இன்று அவற்றைப் பற்றிப் பட்ட ஆய்வேடுகள் பல உள்ளன. எனவே அதற்கு விடை கூறுவதில் இடம் செலவிட வேண்டுவதில்லை.

இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கோடை விடுமுறையில் சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டை அடுத்த கரடியூரில் நண்பர் ஒருவர் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தேன். அவர் தந்தையார் கட்டிவைத்திருந்த பழைய அம்புலிமாமாத் தொகுதிகளும், இந்திரஜால் காமிக்ஸ் ஏடுகள் சிலவும், அமர் சித்திரக் கதை ஏடுகள் சிலவும் அங்கே ஒரு மரப்பெட்டியில் இருந்தன. காப்பித் தோட்டத்தில் வேலைசெய்யும் மலையாளர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் வந்து அவற்றைப் புரட்டுவான். வயது எட்டு இருக்கலாம். ஒருநாள் மூன்று படங்களை விரித்து வைத்து, இவற்றுள் பேய் எது என்று கேட்டேன். ஒன்று, விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம். மற்றொன்று, முகமூடியணிந்த வேதாளர் என்னும் வீரர். மூன்றாவது, கொம்பும் கோரைப்பல்லும் உடைய அரக்கன் ஒருவன். சிறுவன் சற்றும் தயங்காமல் வீரர்மேல் விரல் வைத்தான். “இவருதான் சார் பேய். கண்ணுல முழியே இல்லியே” என்றான். அரக்கனைக் காட்டி, “அப்படியாயின் இவர் யார்?” என்றேன். “இவரு எங்க பெரிய மாமா மாதிரி இருக்காரு” என்றான்.

நகைத்துவிட்டு விட்டிருக்கலாம். ஆயினும் அவ்விரு விடைகளும் என்னை விட்டு நீங்கவில்லை. முதல் விடை எவ்வளவு நுட்பமானது என்பதும், இரண்டாவது விடை எவ்வளவு துன்பம் தருவது என்பதும் பின்னரே புலனாயின.

அச்சத்திற்கு நிலைக்களன் நான்கென்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. சித்திரக்கதைகளின் தீயோர் அனைவரையும் இந்நான்கனுள் அடக்கிவிடலாம். வேறொரு பாகுபாடு வேண்டப்படாது. கண்ணன் கதையை எடுத்துக்கொள்க. கஞ்சன் இறை. கொக்காகவும் பாம்பாகவும் கழுதையாகவும் குதிரையாகவும் வரும் அசுரர்கள் அணங்கும் விலங்கும் ஒருங்கு கலந்தோர். பூதனை அழகிய பெண்ணாய் வந்து மாளும்போது பேருருக் காட்டுகின்றாள். ஒன்று மற்றொன்றாகும் இந்நிலை, ஆக்கம் என்னும் பெயரால் மருட்கைக்கு உரியதாக அவ்வியலிலேயே ஓதப்பட்டது. அச்சமும் மருட்கையும் ஓரிடத்துச் சேர்ந்துவரும் இத்தகைய கதைகளே சித்திரக்காரனுக்கு உவப்பானவை. எழுத்தால் ஒரு பக்கம் விரித்துரைக்க வேண்டியதை அவன் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் காட்டிவிடுகின்றான்.

தொல்காப்பியப் பாகுபாட்டில் மற்றொரு பயனும் உண்டு. அணங்கு வேறு, கள்வர் வேறு என்று அது பிரித்தமை நோக்குக. அணங்கு அச்சம் விளைக்கும். ஆனால் குற்றம் செய்வதன்று. கள்வர் குற்றம் செய்வோர். இவ்வேறுபாடு தமிழ் இலக்கணத்தின் திணைப் பாகுபாட்டிலும் ஊன்றி நிற்கின்றது. பேய் வந்தது என்கின்றோம். அரக்கன் வந்தான் என்கின்றோம். மக்களோடும் தேவரோடும் நரகரையும் சேர்த்து உயர்திணையுள் அடக்கினார் நன்னூலார். அரக்கனுக்கு அறிவு உண்டு. ஆகவே பழியும் உண்டு. இராவணன் மேல் நாம் குற்றம் சாட்டலாம். பேய்மேற் குற்றம் சாட்டுதல் இடிமேலும் வெள்ளத்தின் மேலும் குற்றம் சாட்டுதல் போன்றதே. கதையில் தீயோனாக நிற்பதற்கு உயர்திணையாக இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அஃறிணைப் பேய் அஞ்சப்படும், வெறுக்கப்படாது.

இவ்விலக்கண உண்மையை மனத்துட்கொண்டு அம்புலிமாமாவைப் பார்த்தல் வேண்டும். பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. கட்டங்களாகப் பகுக்கப்பட்ட காமிக்ஸ் அன்று எனினும், பக்கந்தோறும் படம் அமைத்துக் கதை கூறியதனால் தமிழ்ச் சிறுவர்க்குப் பேயின் உருவத்தை முதன்முதல் நிலைபெறச் செய்தது அதுவே எனலாம். 1950-களின் தொடக்கத்தில் அவ்விதழில் சேர்ந்த ஓவியர் சங்கர் (கே. சி. சிவசங்கரன், 1924–2020) வரைந்த விக்கிரமன், வேதாளம் படம் அறியாதார் அக்காலத் தலைமுறையினருள் அரியர். உருவிய வாள், தோளிற் பிணம், சுற்றிலும் சுடுகாடு. இப்படத்தைக் கண்டு அஞ்சாத சிறுவன் இல்லை. ஆயினும் வேதாளத்தை வெறுத்த சிறுவன் ஒருவனையேனும் யான் கண்டதில்லை.

ஏன்? அக்கதையில் வேதாளம் தீயது அன்று. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் பிற வடமொழி வடிவங்களிலும் தீயோன் வேதாளம் அன்று. பிணத்தைக் கொண்டுவருக என்று அரசனை ஏவிய துறவியே தீயோன். அரசனையே பலியிட அவன் எண்ணியிருத்தலை அரசனுக்கு அறிவித்துக் காப்பது வேதாளம். அணங்கு காக்கின்றது, துறவுக்கோலம் பூண்ட கள்வன் கொல்ல நினைக்கின்றான். தொல்காப்பியர் வேறு வேறாக வைத்த இரண்டும் இங்கே எதிரெதிர் நிற்கின்றன. அம்புலிமாமாவிலோ துறவி பெரும்பாலும் கண்ணிற் படுவதே இல்லை. இருபத்தைந்து கதைகளில் முடிய வேண்டிய நூல், புதியன புனைந்து சேர்க்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் நீண்டது. முடிவு வராமையால் தீயோனும் வரவில்லை. எஞ்சியவர் இருவர், வினவும் பேயும் விடை கூறும் அரசனும். அரசன் வாய் திறந்தவுடன் வேதாளம் பிணத்தோடு மரத்திற்கு மீள்கின்றது. வடமொழியிற் சிம்சபை எனப்பட்ட அம்மரத்தைத் தமிழர் முருங்கை ஆக்கிக்கொண்டனர். முறிந்து விழும் கொம்பினையுடைய மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பேய் என்பது நம் ஊர்ப்புறத்துக் கற்பனை. அதன் நகைச்சுவையும் நம்முடையதே.

இங்கு ஒரு சட்டச் செய்தியையும் கூறுதல் பொருத்தமாகும். அமெரிக்காவில் பேய்க் காமிக்ஸ் ஏடுகள் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருகின. பிரெட்ரிக் வெர்த்தம் என்னும் உளநோய் மருத்துவர் அவற்றைக் கண்டித்து 1954-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே செனட் உட்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தாமே கூடிக் காமிக்ஸ் நெறிமுறை ஒன்றை வகுத்துக்கொண்டனர். நடமாடும் பிணம், குருதி உண்ணும் பேய், பிணந்தின்னி, ஓநாய் மனிதன் ஆகியன அதனால் விலக்கப்பட்டன. நன்மையே வெல்லுதல் வேண்டும் என்பதும் விதியாயிற்று. பிரிட்டனில் 1955-இலும் இந்தியாவில் 1956-இலும் இளையோர்க்குத் தீங்குதரும் வெளியீடுகளைத் தடுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அருவருப்பும் கொடூரமும் உடைய நிகழ்ச்சிகளைப் படமாகக் காட்டுதலும் இந்தியச் சட்டத்தின் வரையறையுட் கூறப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் பேசும் பிணம் ஒன்று திங்கள்தோறும் சென்னையிலிருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சென்றது. தாயரும் தந்தையரும் அதனை வாங்கித் தந்தனர். பேயை மனத்தளவில் அவர்கள் வேறாகவே வைத்திருந்தனர் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

அம்புலிமாமாவைக் குற்றமற்றதென்று கூற யான் முற்படவில்லை. தாசரி சுப்பிரமணியம் எழுதி ‘சித்ரா’ என்னும் ஓவியர் படம் வரைந்த தொடர்கதைகளில் அரக்கரும் மாந்திரிகரும் மலிந்திருந்தனர். அவ்வரக்கருட் பலர் உடல் பருத்து அறிவு சிறுத்தவர்கள்; ஏமாற்றப்படுவதற்கென்றே படைக்கப்பட்டவர்கள். நகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் பேதைமையும் மடனும் வைக்கப்பட்டிருத்தலின், அஞ்சத்தக்க ஒருவனை நகைக்கத்தக்கவனாக மாற்றும் வழியைக் கதையாசிரியர்கள் எளிதாகக் கண்டுகொண்டனர் எனலாம். இதனால் சிறுவர் அச்சம் தீர்ந்தது உண்மை. அரக்கனிடம் அறிவு உண்டு என்னும் பழைய எண்ணம் தேய்ந்ததும் உண்மை. ஆயினும் அதே நாகிரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா நிறுவனம் 1957-இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட்ட ‘மாயாபஜார்’ திரைப்படத்தில் எஸ். வி. ரங்காராவ் நடித்த கடோற்கசன் நினைவுகூரத்தக்கவன். இடும்பியின் மகன், அரக்கன், அன்பும் நகைச்சுவையும் உடையவன், தன் உறவினர் பக்கம் நின்று பொய்ம்மை செய்தாரை நாணச் செய்பவன். அரக்கனைத் தீயோனாக்கியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அவர்களுக்கு இருந்ததில்லை.

இனி, கரடியூர்ச் சிறுவன் பேய் என்று சுட்டிய வீரருக்கு வருவோம். லீ பாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் தொடங்கிய நாளிதழ்ப் படத்தொடரின் தலைவர் இவர். பெயருக்கு ஆங்கிலத்தில் ஆவி அல்லது மாயத்தோற்றம் என்பது பொருள். ‘நடமாடும் பிசாசு’ என்பது காட்டு மக்கள் அவருக்கு இட்ட பெயராகக் கதையில் வரும். மண்டையோட்டுக் குகையில் வாழ்வார். மண்டையோட்டு மோதிரத்தால் தீயோர் தாடையில் வடு உண்டாக்குவார். தந்தை இறப்ப மகன் அதே உடை அணிந்து தொடர்வதனால் சாவில்லாதவர் என்று மக்கள் எண்ணுவர். டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 1964-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இவரை இந்திய மொழிகளில் உலவவிட்டது. இந்தியில் வேதாள் ஆனார். தமிழில் வேதாளர் ஆனார்.

அந்த ‘அர்’ விகுதியை நோக்குக. வேதாளம் அஃறிணை, வேதாளர் உயர்திணைச் சிறப்புப் பன்மை. ஒரு விகுதியால் பேய் பெருமகன் ஆகிவிட்டது. இது மொழிபெயர்ப்பாளரின் புதுமை என்று சிலர் கருதக்கூடும். யான் அவ்வாறு கருதவில்லை. பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையிற் பேயார் என்றே குறித்தார். முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். பேயென்னும் பெயரோடு உயர்வு விகுதி சேர்வது தமிழ்க்காதுக்குப் பழகிய ஒன்றேயாம். பெயரளவில் மட்டுமன்றிச் செயலளவிலும் முன்னோடி உண்டு. சிலப்பதிகாரத்திற் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் போலித் துறவிகளையும் பொய்ச்சான்று கூறுவோரையும் பிறன்மனை நயப்போரையும் பாசத்தாற் கட்டி உண்பதாகக் கூறப்படுகின்றது. தீயோரை அச்சுறுத்தி நகர் காக்கும் பூதத்தை அறிந்த மரபு, தீயோரை அச்சுறுத்திக் காடு காக்கும் வேதாளரை ஏற்றுக்கொள்ளுதற்கு எத்தடையும் இல்லை. அமெரிக்க வாசகனுக்கு அவர் பேய்வேடம் பூண்ட மனிதர். தமிழ்ச் சிறுவனுக்கோ அவர் சதுக்கப்பூதத்தின் வழிவந்தவர்.

சிறுவன் கண்ட கண்மணியின்மையும் சிந்தித்தற்குரியது. வேதாளரின் முகமூடிக்குள் கண்கள் வெறும் வெண்மையாகவே வரையப்படும். கிரேக்கக் கற்சிலைகளின் கண்களைப் பார்த்து அவ்வாறு அமைத்ததாக லீ பாக் கூறியதுண்டு. அவர் அதனை வியப்பு விளைப்பதற்காகச் செய்தார். இமையாமையும் நிழலின்மையும் நிலந்தோயாமையும் மானிடர் அல்லாரைக் காட்டும் குறிகள் என்று கேட்டு வளர்ந்த சிறுவன் அதே வெண்மையைத் தன் மரபின்படி படித்தான். படத்தை அவன் பிழையாகப் படிக்கவில்லை. வரைந்தவரினும் நன்றாகவே படித்தான் என்பது என் கருத்து.

இத்தொடரில் தீயோர் யாவர் என்பது ஒரு கசப்பான செய்தி. வேதாளரின் முன்னோரைக் கொன்ற கடற்கொள்ளையர் மூலத்திற் சிங் என்னும் பெயருடையோர். கதை நிகழும் நாட்டின் பெயரும் வங்காளத்தை நினைவூட்டுவதாக இருந்தது. இந்திரஜால் வெளியீட்டார் கொள்ளையரைச் ‘சிங்கா’ என்றும் நாட்டை ‘டெங்காலி’ என்றும் மாற்றினர். அமெரிக்கர் வரைந்தபோது இந்தியர் தீயோர். இந்தியர் அச்சிட்டபோது அப்பெயர் அழிந்தது. யாருடைய கையில் தூரிகை இருக்கின்றதோ அவருக்கு அயலாராய் இருப்பவரே அரக்கராகின்றனர் என்பதற்கு இதுபோன்ற வெளிப்படையான எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது. பெயரை மாற்றினோரும் காட்டு மக்களின் பேதைமையை மாற்றவில்லை. நானூறு ஆண்டுகளாக ஒருவரே வாழ்வதாக நம்பும் மக்களாகவே அவர்கள் எஞ்சினர்.

இந்திரஜால் என்னும் பெயரும் பரணி பயின்றோர்க்கு ஒன்றை நினைவூட்டும். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் ‘இந்திரசாலம்’ என்று ஒரு பகுதியே உண்டு. காளிக்கு அஞ்சி இமயத்திற்கு ஓடியிருந்த முதுபேய் ஒன்று மீண்டுவந்து, தான் கற்ற மாய வித்தைகளைக் காட்டுகின்றது. குருதியாறும் பிணக்குவியலும் பேய்களின் கண்முன் தோன்றுகின்றன. பசியால் வாடிய பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன; கையில் ஒன்றும் இல்லை. வெறுநிலத்தைத் துழாவுகின்றன, வெறும்வாயை மெல்லுகின்றன. பின்னர் அவ்வித்தையை நிறுத்துமாறு முறையிடுகின்றன. பேயைக் கண்டு மனிதர் மருள்வதே நாம் அறிந்தது. பேய்களே படம் கண்டு மருளும் இக்காட்சி நகையும் இரக்கமும் கலந்தது. சித்திரக்கதையின் இயல்பைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் அறிந்திருந்தார் என்று கூறினால் மிகையாகும். ஆயினும் பேய்மேல் அவர் கொண்ட பரிவு நம் கருத்துக்கு இன்றியமையாதது. பரணிப்பேய்கள் பசித்தவை. வயிறு ஒட்டியவை. எலும்பு துருத்தியவை. திருமுருகாற்றுப்படையின் பேய்மகள் உலறிய மயிரும் நிரைதவறிய பல்லும் உடையவள். அம்மையாரும் ஊன் உதிர்த்தே பேயானார். தமிழ்ப்பேயின் முதல் அடையாளம் மெலிவு.

சித்திரக்கதை அரக்கனின் முதல் அடையாளம் பருமை. பருத்த தோள், பருத்த வயிறு, கரிய உடல், சுருண்ட மயிர், கோரைப்பல், பெரிய மீசை. அனந்த பை அவர்கள் 1967-இல் பம்பாயில் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை இவ்வுருவத்தை நாடெங்கும் பரப்பியது. தமிழிலும் அவ்வேடுகள் வந்தன. மாநகரச் சிறுவர் தம் நாட்டுப் பழங்கதைகளை அறியாதிருக்கின்றனர் என்னும் கவலையே அதன் தோற்றத்திற்குக் காரணம், அக்கவலை நேர்மையானது. பாட்டியர் கதை கூறுதல் அருகிவந்த காலத்தில் அவ்வேடுகள் செய்த பணியைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மை ஆகும். யானும் அவற்றால் வளர்ந்தவனே. ஆனால் அவ்வரிசையில் தலைவர் வெள்ளிய அல்லது நீல நிறத்தினராகவும் தீயோர் கரிய நிறத்தினராகவும் வரையப்பட்ட முறையை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். நந்தினி சந்திராவின் நூலும் (2008) கார்லைன் மெக்லெய்னின் நூலும் (2009) இவ்வரிசையை விரிவாக ஆராய்வன. அவர்கள் ஆய்வு பெரும்பாலும் நிறத்தையும் நாட்டுணர்வையும் சமயத்தையும் பற்றியது. தமிழ் மரபோடு வைத்துப் பார்க்குங்கால் தோன்றுவது வேறொன்று.

மெலிந்த பேயைக் கண்டு சிறுவன் தன் உறவினரை நினைப்பதில்லை. அது மானிட உருவின் கடைசி எல்லை. எவருக்கும் உரியது அன்று. பருத்த கரிய அரக்கனோ உழைக்கும் மனிதரின் உடலை ஒத்தவன். தோட்டத்தில் மூட்டை சுமப்பவனுக்குத் தோள் பருத்திருக்கும். வெயிலில் நிற்பவனுக்கு நிறம் கறுத்திருக்கும். அவ்வுடலோடு இரண்டு கொம்பைச் சேர்த்துவிட்டால் அரக்கன். கரடியூர்ச் சிறுவன் கொம்பை நீக்கிவிட்டுப் பார்த்தான். மாமனைக் கண்டான். அவன் அதனை வருத்தத்தோடு கூறவில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்; தெரிந்த முகத்தைக் கண்ட மகிழ்ச்சியோடுதான் கூறினான். அடுத்த பக்கத்தில் அம்மாமனின் தலை துண்டிக்கப்பட்டிருந்தது. அவன் ஏட்டை மூடி வைத்துவிட்டு அம்புலிமாமாவை எடுத்துக்கொண்டான். இதிலிருந்து பெரிய முடிபு எதனையும் கொள்ள இயலாது. ஒரு சிறுவன், ஒரு நாள். ஆயினும் நிறம் பற்றிய ஆராய்ச்சியைச் சொற்களால் அறிந்திருந்த யான் அதனைக் கண்ணால் அறிந்தது அன்றுதான்.

உருவத்தினும் மேலாக நாம் கவலைகொள்ள வேண்டுவது பேச்சைப் பற்றி. கம்பரின் இரணியன் மகனோடு வாதிடுகின்றான். வால்மீகியில் இல்லாத அப்படலத்தைக் கம்பர் யுத்த காண்டத்தில் அமைத்தது அவ்வாதத்திற்காகவே என்று கூடக் கூறலாம். கும்பகருணன் அண்ணனுக்கு அறம் உரைத்து, பின் அவனுக்காகவே மாள்கின்றான். கச்சியப்ப சிவாசாரியரின் சூரபன்மன் முருகனின் பேருருவைக் கண்டு ஒருகணம் உருகுகின்றான். மாமரமாய் நின்று பிளவுண்டபின் சேவலும் மயிலுமாகிப் பகைவனுக்கே கொடியும் ஊர்தியும் ஆகின்றான். பகைமையின் முடிவில் அழிவின்றி ஆக்கம் நிகழ்கின்றது. தமிழ்க் காப்பியத்து அரக்கனும் அவுணனும் நீளப் பேசுவோர். முப்பத்திரண்டு பக்கச் சித்திரக்கதையில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு சிறு பேச்சுக் குமிழி. அதனுள்ளும் பாதி சிரிப்பொலி. சினம், சவால், சிரிப்பு, அலறல் என்னும் நான்கும் முடிந்தவுடன் அரக்கன் மாள்கின்றான். வாதம் செய்யும் அரக்கனுக்குக் குமிழியில் இடம் இல்லை.

இட நெருக்கடியே இதற்குக் காரணம் எனலாமோ? அவ்வாறாயின் வேதாளம் எவ்வாறு பேசிற்று? அம்புலிமாமாவில் கதை முழுமையும் வேதாளத்தின் கூற்று. அரசனுக்குரியது இறுதியில் ஒரு சில வரிகளே. பேசுபவன் வீரனாகவும் கேட்பது பேயாகவும் இருக்கும் மரபை அது தலைகீழாக்கிற்று. தலைகீழாகத் தொங்குவதற்கு இதுவும் பொருத்தமே. எனவே படம் பேச்சைக் கொன்றது என்னும் குற்றச்சாட்டு முழுதும் நிற்காது. பேயைப் பேசவிட விரும்பியோர் பேசவிட்டனர்.

மணிமேகலையிற் சாதுவன் கதையும் இவ்விடத்து நினைவிற்கு வருகின்றது. கப்பல் உடைந்து கரையொதுங்கிய அவனை உண்ண வந்த நாகர், அவன் தம் மொழியிற் பேசக் கேட்டு நின்றுவிடுகின்றனர். பின்னர் அவர்தம் தலைவனோடு அறம் பற்றி உரையாடல் நிகழ்கின்றது. அரக்கர் போன்றோர் மனிதராக மாறுவதற்கு அங்கே வேண்டப்பட்டது வாள் அன்று. இக்கதையைச் சித்திரமாக வரைவோர் உரையாடலை எத்தனை கட்டங்களுக்கு விரிப்பர் என்பதே அவர்தம் நோக்கத்தை நமக்குக் காட்டிவிடும்.

இறுதியாக மாயாவி என்னும் பெயர். இராமாயணத்தில் மாயாவி என்பவன் வாலியோடு பொருது குகையுட் புகுந்த அசுரன். அவன் பொருட்டு எழுந்த ஐயமே உடன்பிறந்தார் பகைக்கு வித்தாயிற்று. சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் முதல் ஏட்டிலேயே அப்பெயரை ஒரு தலைவனுக்குச் சூட்டியது. ‘இரும்புக்கை மாயாவி’ அவன் பெயர். பிரிட்டனில் ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் 1962-இல் தோன்றிய லூயி கிராண்டல் என்னும் பாத்திரம் அது. ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். மூலத்தில் அவன் முதற்கண் குற்றவாளி. பின்னரே உளவுத்துறையிற் சேர்ந்து நன்மைக்குப் போராடுகின்றான். பெயரிட்டவர் இராமாயண அசுரனை எண்ணி இட்டார் என்று யான் கூறவில்லை. மாயம் வல்லவன் என்னும் பொதுப்பொருளே அவர் கருத்தாக இருக்கலாம். ஆனால் அப்பெயர் பொருந்தியவாறு வியக்கத்தக்கது. தீமையிலிருந்து நன்மைக்கு வந்த ஒருவனுக்கு அசுரப்பெயர். 1984-இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் அதே மாயாவி என்னும் பெயரை வேதாளருக்கும் இட்டது. தமிழ்ச் சித்திரக்கதையின் பெருந்தலைவர் இருவரும் பேய்ப்பெயரும் அசுரப்பெயரும் தாங்கியவர்கள். இவ்விருவரும் எதிர்த்தோர் பெரும்பாலும் அணங்குகள் அல்லர்; கொள்ளையர், கடத்தற்காரர், உளவாளிகள். தொல்காப்பியர் கள்வர் என்றாரே, அவர்களே. தமிழில் அணங்கு தலைவனாகி, கள்வன் தீயோனாக நின்ற காலமும், கரிய அரக்கன் கொம்போடு வந்து தீயோனாக நின்ற காலமும் ஒன்றே, ஏடுகள்தாம் வேறு.

இவ்வாய்வு தொடரப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதைப் பதிப்புகளில் அச்சுக்கட்டைப் படங்கள் இடம்பெற்றன. அப்படங்களில் வேதாளம் மெலிந்ததா பருத்ததா, கரியதா வெளியதா, வாய் திறந்திருக்கின்றதா மூடியிருக்கின்றதா என்பன குறிக்கப்பட்டு, சங்கரின் படங்களோடு வரிசையாக ஒப்பிடப்படுதல் வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற் பழைய சிறுநூல்கள் நிறைய உள்ளன. பட்ட மேற்படிப்பு மாணாக்கர் ஒருவர் ஓராண்டு முயன்றால் முடிக்கத்தக்க பணி இது. சித்திரக்கதை ஏடுகளைப் பொறுத்தவரை நூலகங்களை நம்பிப் பயனில்லை. கரடியூர் மரப்பெட்டி போன்றவற்றையே தேடிச் செல்லுதல் வேண்டும். அப்பெட்டியிலும் அடியில் இருந்த ஏடுகள் மலைக்குளிரின் ஈரத்தால் ஒட்டிப்போயிருந்தன.